முன் பிரேக்கில் காற்று எடுத்த பிறகும் லீவர் இறுகவில்லை என்றால்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நண்பர் ஒருவர், ஏபிஎஸ் இல்லாத தம்முடைய பழைய 150 சிசி பைக்கின் முன் பிரேக்கில் இருந்த ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஜே.சி. ரோட்டில் வாங்கிய ஸ்டீல் பின்னல் ஹோஸைப் பொருத்தியிருக்கிறார். புதிய ஹோஸ் பழையதைவிடச் சற்று நீளமானது. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, ஒருவர் லீவரைப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் (சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) உள்ள நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் சிறு திருகை, திறந்து மூட, அரை லிட்டர் பிரேக் ஆயிலைத் தீர்த்த பிறகும் லீவர் கிரிப் வரை சென்று தொடுகிறது. நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழி வருவதும் நின்றுவிட்டது. வார இறுதியில் சேலத்துக்குப் போக வேண்டும். வண்டியை எடுக்கலாமா, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

முதலாவதற்குப் பதில், எடுக்க வேண்டாம் என்பதுதான். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பின் பிரேக்கை வைத்தே சமாளித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சேலம் போகும் வழியில் உள்ள தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னால் போகும் லாரி திடீரென்று வேகம் குறைக்கும்போது முன் பிரேக் இல்லாத வண்டியை நிறுத்த முடியாது. பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்கு வந்துவிடுவதால், நிற்கும் திறனில் பெரும்பங்கு முன் பிரேக்கைச் சேர்ந்தது. லீவர் இறுகும் வரை வண்டி பார்க்கிங்கிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது கேள்விதான் விரிவாகப் பேச வேண்டியது. நீங்கள் ஊற்றிய ஆயில் போதாமல் போகவில்லை. தேவைக்குப் பல மடங்கு அதிகம். இத்தகைய ஹோஸின் உள்விட்டம் ஏறக்குறைய 3.2 மி.மீ. ஆகவே ஒரு மீட்டர் நீளமுள்ள ஹோஸுக்குள் பிடிக்கும் ஆயில் சுமார் 8 மி.லி. மட்டுமே. காலிப்பரையும், லீவருக்கு அருகில் இருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், அதன் மேலுள்ள ஆயில் கிண்ணத்தையும் சேர்த்தாலும் அரை லிட்டரில் ஒரு சிறு பங்குதான் ஆகும். இவ்வளவு ஆயில் ஓடியும் காற்று வெளியே வரவில்லை என்றால், அந்தக் காற்று ஆயில் ஓடும் பாதையை விட்டு ஒதுங்கி, மேடான ஓர் இடத்தில் தங்கியிருக்கிறது என்று பொருள். ஆயிலை நாம் மேலிருந்து கீழே தள்ளுகிறோம். காற்றோ கீழிருந்து மேலே போகப் பார்க்கிறது. அகலமான இடங்களிலும் மேடான வளைவுகளிலும் ஆயில் காற்றுக்கு அடியில் நழுவிப் போய்விடுகிறது, காற்று இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் இன்னொரு பாட்டில் வாங்கி ஊற்றினாலும் பயன் இருக்காது.

எவ்வளவு சிறிய காற்று எவ்வளவு பெரிய வேலை செய்துவிடுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 12.7 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் பிஸ்டன் 1 மி.மீ. நகரும்போது தள்ளும் ஆயில் சுமார் 0.13 மி.லி. லீவரின் நுனி, பிஸ்டனைவிட ஐந்தாறு மடங்கு தூரம் நகர்கிறது. அதாவது, இரண்டு மூன்று சொட்டு அளவுள்ள ஒரு குமிழி நசுங்குவதற்கே லீவர் நுனி 5 அல்லது 6 மி.மீ. வீணாகப் போகிறது. பிரேக் அழுத்தத்தில் காற்று ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும், ஆயில் சுருங்காது. அரை மி.லி. காற்று எங்காவது தங்கியிருந்தாலே லீவர் கிரிப்பைத் தொட்டுவிடும். ஆகவே உங்கள் வண்டியில் பெரிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை.

காற்றுதான் காரணமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். லீவரை விட்டு விட்டு நாலைந்து முறை வேகமாக அழுத்துங்கள். அழுத்த அழுத்த லீவர் உயர்ந்து வந்து, ஆனாலும் பஞ்சுபோல் மெத்தென்றே இருந்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் பழையபடி கிரிப் வரை போனால் உள்ளே காற்று இருக்கிறது. லீவரை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும்போது அது மெல்ல மெல்லக் கிரிப்பை நோக்கி இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. அதற்குக் காற்று எடுப்பது மருந்தாகாது. முதல் அழுத்தில் வெகுதூரம் போய், இரண்டாவது அழுத்தில் கல்போல் நின்று, அப்படியே நின்றுவிட்டால், டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட்டை மாற்றும்போது உள்ளே தள்ளப்பட்ட காலிப்பர் பிஸ்டன் அப்போதுதான் வெளியே வந்து பேட்டை டிஸ்க்கோடு சேர்க்கிறது என்று கொள்ளலாம். உருட்டிவிட்டுப் பார்க்கும்போது மறுபடியும் முதல் அழுத்து ஆழமாகப் போனால் டிஸ்க் கோணியிருக்கிறதா, காலிப்பர் நகரும் பின்கள் இறுகிவிட்டனவா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. காற்று எங்கே இருக்கிறது என்பதற்கும் உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது: புதிய ஹோஸ் நீளம் அதிகம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் அந்த ஹோஸ், ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு வில்லாக எழும்பி, பிறகுதான் ஃபோர்க் பக்கம் கீழே இறங்குகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். அப்படி இருந்தால் முழு அமைப்பிலும் மிக உயரமான இடம் ஆயில் கிண்ணம் அன்று, அந்த வளைவின் உச்சிதான். காற்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, மேலே கிண்ணத்துக்கும் வராமல் கீழே நிப்பிளுக்கும் போகாமல் இருக்கும். ஹோஸ் புதிதாக, காலியாகப் பொருத்தப்பட்டது என்பதால் முழுக்க முழுக்கக் காற்றோடுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வளைவு இல்லாவிட்டாலும் காற்று விரும்பித் தங்கும் இன்னோர் இடம், மாஸ்டர் சிலிண்டரின் முனையில் ஹோஸை இணைக்கும் பேஞ்சோ போல்ட். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பார் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் உட்பக்கம் சற்று உயர்ந்தும் இருக்கும். பேஞ்சோ இருப்பது அந்த உயர்ந்த உட்பக்கத்தில். காலிப்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுவதும் நிப்பிளைத் திறந்து மூடினாலும் இந்தக் காற்று அசையாது. பெரும்பாலான ‘இறுகாத லீவர்’ சிக்கல்கள் இங்கேதான் முடிவுக்கு வருகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டேங்கின் மேல் பழைய துணியை நாலாக மடித்துப் போட்டு, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது. கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கிண்ணத்தின் மூடியைத் திறந்து, ஆயில் முக்கால் அளவுக்கு இருக்கும்படி செய்யுங்கள். அடியில் இரண்டு துளைகள் தெரியும்: ஒன்று பெரியது, மற்றொன்று குண்டூசி நுனி அளவே உள்ள மிகச் சிறிய துளை. சில வண்டிகளில் இதன் மேல் சிறிய தகடு ஒன்று மூடியிருக்கும். லீவரை விட்ட நிலையில் ஹோஸில் உள்ள ஆயில் கிண்ணத்தோடு தொடர்பு கொள்ளும் வழி அந்தச் சிறு துளைதான். லீவரைச் சிறிது அழுத்தினாலே பிஸ்டனின் கப் அதைத் தாண்டிப் போய் வழியை அடைத்துவிடும்.

இப்போது லீவரை முழுவதும் அழுத்தாமல், நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் அழுத்தி விடுங்கள். மறுபடியும் அப்படியே. துளைக்கு மேலே ஆயில் சிறு ஊற்றாக எழும்பும். அதோடு கடுகளவு குமிழி ஒன்று வந்து மேற்பரப்பில் உடையும். சில அழுத்துகளுக்கு ஒன்றும் வராது, பிறகு இரண்டு மூன்றாக வரும். ஸ்பேனரின் பிடியால் பேஞ்சோவையும் அதையடுத்த ஹோஸையும் மெல்லத் தட்டிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை. ஆனால் குமிழி வரும் ஒவ்வொரு முறையும் லீவர் சிறிது இறுகி வருவதை விரலிலேயே உணரலாம். வேகமாக அழுத்தினால் பெரிய குமிழி நொறுங்கிப் பல நுண்குமிழிகளாக ஆயிலில் கலந்துவிடும், அவை மேலே வர வெகுநேரம் ஆகும். ஆயில் பாட்டிலைக் குலுக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

இந்த வேலைக்கு பேஞ்சோ முனை, கிண்ணத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பி அப்படி அமைக்க முடிந்தால் நல்லது. உங்கள் வண்டியில் வளைவும் இருக்கக்கூடும் என்பதால், மாஸ்டர் சிலிண்டரை ஹேண்டில்பாரில் பிடித்திருக்கும் கிளாம்பின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, அதைக் கையில் எடுத்து, மூடியை மூடிவிட்டு, ஹோஸ் வளைவின்றி நேராகக் கீழே தொங்கும் அளவுக்கு உயர்த்திப் பிடிக்கச் சொல்வேன். காலிப்பரிலிருந்து கிண்ணம் வரை பாதை எங்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். நண்பர் ஒருவர் பிடித்துக்கொள்ள, கிண்ணம் மட்டமாக இருக்கும்படி வைத்து மூடியைத் திறந்து, மேலே சொன்ன சிறு அழுத்துகளைத் தொடருங்கள்.

ஆனால் 3 மி.மீ. குழாயில் குமிழி தானாக ஏறிவிடும் என்று முழுமையாக நம்ப முடியாது. இவ்வளவு மெல்லிய குழாயில் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். ஆகவே காலியான புதிய ஹோஸுக்கு நான் பரிந்துரைக்கும் வழி, கீழிருந்து மேலே நிரப்புவது. மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்சும், மீன்தொட்டிக் கடையில் நிப்பிளில் இறுக்கமாகப் பொருந்தும் தெளிவான டியூபும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கிண்ணத்திலிருந்து பெரும்பகுதி ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நிரம்பி டேங்கின் மேல் வழியும். சிரிஞ்சில் புதிய ஆயிலை ஏற்றி, டியூபில் உள்ள காற்று முழுவதும் வெளியேறும் வரை தள்ளி, பிறகு நிப்பிளில் மாட்டுங்கள். சிரிஞ்சின் மூக்கு கீழ்நோக்கி இருக்கட்டும். உள்ளே சிறிது காற்று இருந்தாலும் அது மேலேயே நிற்கும், கடைசி வரை தள்ளாமல் இருந்தால் போதும். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மெதுவாகத் தள்ளுங்கள். இந்த நேரத்தில் யாரும் லீவரைத் தொடக் கூடாது; தொட்டால் அந்தச் சிறு துளை அடைபட்டு ஆயிலுக்குப் போக வழி இருக்காது. கிண்ணத்தில் காற்று பொங்கிக்கொண்டு வெளியேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிப்பிளை மூடிய பிறகே டியூபைக் கழற்ற வேண்டும். ஆயில் பட்டதும் சிரிஞ்சின் ரப்பர் ஊதிப்போகும், அதை மறுமுறைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. காலிப்பரின் அடியில் தேங்கியிருக்கும் கறுத்த ஆயிலை மேலே தள்ளுவது நல்லதன்று. நீங்கள் ஏற்கெனவே அரை லிட்டரைக் கீழ்நோக்கி ஓட்டிவிட்டதால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. பழைய ஆயிலோடு இருக்கும் வண்டியில் முதலில் வழக்கமான முறையில் சுத்தமான ஆயில் வரும் வரை கீழே வெளியேற்றிவிட்டுத்தான் தலைகீழ் முறைக்கு வர வேண்டும்.

காலிப்பரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிப்பிள் அதன் உச்சியில் இருக்க வேண்டும். பெரும்பாலான முன் காலிப்பர்களில் அப்படித்தான் இருக்கும். ஆனால் சில பின் காலிப்பர்களில் நிப்பிள் பக்கவாட்டிலோ தாழ்ந்தோ இருப்பதால், போல்ட்டைக் கழற்றி, பேட்டுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி கையில் பிடித்துக்கொண்டு காற்று எடுக்க நேரும். மரத்துண்டு இல்லாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். பேட்டை விலக்கிப் பிஸ்டனைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளுவதும் பயன் தரும். பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் மேலே போகும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குப் போய்ச்சேரும்.

இவையெல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் முன்பு செய்த வழக்கமான முறையை ஒரு சில அழுத்துகளுக்குச் செய்து முடிக்கலாம். லீவரை அழுத்திப் பிடித்த பிறகு நிப்பிளைத் திறப்பதும், லீவரை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூடுவதும் மாறக் கூடாது. மாறினால் காற்று திரும்ப உள்ளே ஏறும். கிண்ணத்தில் ஆயில் அந்தத் துளைகளுக்குக் கீழே இறங்கினாலும் அதே கதைதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேலே எழும்பி, பிறகு பாட்டிலுக்கு இறங்கட்டும். பழைய மாஸ்டர் சிலிண்டராக இருந்தால் லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பிஸ்டன் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் இருக்கும், அங்கே கொண்டுபோய் உரசினால் நன்றாக இருந்த கப்பும் கிழியும். வெற்றிடப் பம்ப் வைத்து உறிஞ்சுபவர்கள் டியூபில் முடிவில்லாமல் குமிழி வருவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது நிப்பிளின் மரைவழியாக வெளிக்காற்று நுழைவதுதான், லீவர் இறுகிவிட்டதா என்பதே சோதனை.

இரவு முழுவதும் லீவரை இழுத்துக் கட்டி வைத்தால் காற்று போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. அழுத்தத்தில் சுருங்கிய குமிழிகள் ஒட்டியிருந்த இடத்தை விட்டு நகர்கின்றன, காலையில் கட்டை அவிழ்த்ததும் சிறு துளை வழியே சில வெளியேறுகின்றன. ஆனால் கட்டியிருக்கும் வரை அந்தத் துளை அடைபட்டே இருக்கிறது என்பதால், மிஞ்சிய சிறிதளவு காற்றுக்குக் கடைசி முயற்சியாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது போல் வளைவில் தங்கிய காற்றை இது எடுக்காது.

பேஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனைக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு வாஷர்கள் உண்டு, ஹோஸின் இரு முனைக்கும் சேர்த்து நான்கு. இவை நசுங்கி இறுகும் வகை. கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். மீண்டும் பழையதையே போட்டிருந்தால், ஜே.சி. ரோட்டிலோ கலாசிப்பாளையத்திலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த வாஷரை வாங்கி மாற்றிவிட்டுப் பிறகு காற்று எடுங்கள். இறுக்கும் அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். நிப்பிள் மிகச் சிறிய மரை கொண்டது, பலம் காட்டினால் காலிப்பருக்குள்ளேயே உடையும். அதற்கு எப்போதும் ரிங் ஸ்பேனர்தான். அந்த நீள ஹோஸை முடிந்தால் கடையில் கொடுத்து, சரியான நீளத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதும் என் கருத்து. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பும்போது இழுபடாத அளவுக்கு இருந்தால் போதும்; அதற்கு மேல் உள்ள நீளம் அடுத்த முறையும் இதே தொல்லையைத் தரும்.

எந்த ஆயில் என்பது கிண்ணத்தின் மூடியிலேயே பொறித்திருக்கும். உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும் டாட் 4 ஆக இருக்கும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, பெயர் அடுத்த எண்ணாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடக் கூடாது; மற்றவற்றோடு அது கலக்காது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 இனத்தைச் சேர்ந்ததே. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 ஆக இறங்கிவிடுகிறது. பெங்களூருவின் நீண்ட மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்ட பழைய ஆயிலோடு நந்தி மலையிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், காலிப்பரில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே நசுங்கும், லீவர் திடீரென்று கிரிப்புக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான். போன வருடம் திறந்து மிச்சம் வைத்த பாட்டிலையும் பயன்படுத்த வேண்டாம்.

ஏபிஎஸ் உள்ள வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் இருக்கும். ஹோஸையோ பேடையோ மட்டும் மாற்றி, ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போகாமல் இருந்தால் மேலே சொன்னவை அனைத்தும் அப்படியே பொருந்தும். பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், பல மாடல்களில் அதன் வால்வுகளைக் கருவி கொண்டு இயக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்குச் சர்வீஸ் சென்டருக்குப் போவதே சரி.

லீவர் இறுகியதும் ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேஞ்சோக்களையும் நிப்பிளையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரியக் கூடாது. பேட்டில் ஆயில் பட்டிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள். ஒரு இரவு விட்டு, காலையில் லீவர் முதல் அழுத்திலேயே நேற்று நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பார்க்கிங்கிலேயே நடைவேகத்தில் உருட்டிப் பிரேக் பிடித்து, பிறகு குடியிருப்புக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுச் சேலத்துக்குக் கிளம்பலாம். நிற்காமல் மீண்டும் தாழ்ந்திருந்தால், கசிவும் தெரியவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் கப் கிட்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்த வாரம் சேலத்துக்குப் பேருந்தில் போய்வாருங்கள்.